எதிர்ப்பொருளின் புணர்ச்சி இலக்கணம்

தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்றாகவும், சுந்தரரின் பதிகம் பெற்ற ஊராகவும் வடதிருமுல்லைவாயிலைத் தமிழ் இலக்கிய உலகம் அறியும். இவ்வூருக்கும் அம்பத்தூருக்கும் அருகில் அமைந்துள்ள அயப்பாக்கம், அண்மைக் காலத்தில் வேறொரு காரணத்தால் நாட்டின் கவனத்தைப் பெற்றது. அங்குள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், ஆவடியில் இயங்கிவந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் ஒன்றாக இணைந்து 1999ஆம் ஆண்டில் உருப்பெற்றது. கொரோனா பெருந்தொற்று பரவியபோது, இந்திய மக்களின் குருதியில் அக்கிருமிக்கான எதிர்ப்பொருள் எந்த அளவிற்கு உண்டாகியுள்ளது என்பதைக் கண்டறியும் நாடளாவிய ஆய்வை இந்நிறுவனமே ஒருங்கிணைத்து நடத்தியது.

2020ஆம் ஆண்டு மே 11 முதல் ஜூன் 4 வரை, 21 மாநிலங்களைச் சேர்ந்த 70 மாவட்டங்களில், 28,000 பேரிடமிருந்து குருதி பெறப்பட்டது. புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உருவாக்கிய 'கோவிட் கவச்' என்னும் எலைசா சோதனை இதற்குப் பயன்பட்டது. மக்களுள் நூற்றுக்கு 0.73 பேரிடமே எதிர்ப்பொருள் இருந்தது என்பது அவ்வாய்வின் முடிவு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்னும் இவ்வெண் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அது இரண்டு செய்திகளை உணர்த்தியது. மே மாதத் தொடக்கத்திற்குள்ளாகவே சுமார் 64 லட்சம் பேரைத் தொற்று தீண்டிவிட்டது என்பது ஒன்று. நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் இன்னும் அக்கிருமியைச் சந்திக்கவே இல்லை, ஆகவே இடர் இனிமேல்தான் இருக்கிறது என்பது மற்றொன்று.

எதிர்ப்பொருளைச் சாட்சியாகக் கொண்டு நோயின் நடமாட்டத்தை அறியும் முறை சென்னைக்குப் புதிதன்று. 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு மாணவியாகிய செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளுள் ஆறில் எச்.ஐ.வி. கிருமிக்கான எதிர்ப்பொருள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கண்டறியப்பட்டது. எயிட்ஸ் இந்தியாவிற்குள் வந்துவிட்டது என்பதை நாடு அறிந்துகொண்டது அவ்வாறுதான்.

இச்சாட்சியங்களுக்குப் பின்னே ஆழ்ந்த வினா ஒன்று உள்ளது. கொரோனா கிருமி மனிதரிடையே தோன்றியது 2019ஆம் ஆண்டின் இறுதியில். அதற்கு முன் எந்த முன்னோரும் அதைக் கண்டதில்லை. அவ்வாறிருக்க, ஏதோ ஒரு சிற்றூரில் வாழும் உழவர் ஒருவரின் குருதியில், அக்கிருமியின் மேற்பரப்பில் மட்டும் பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்தும் புரதம் எங்கிருந்து வந்தது? மனிதரிடம் புரதம் ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. ஆனால் மனித உடல் ஆக்க வல்ல எதிர்ப்பொருள் வகைகளோ குறைந்தது பத்தாயிரம் கோடி என மதிப்பிடப்படுகின்றன. இருபதாயிரத்திற்குள் பத்தாயிரம் கோடி அடங்கியது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண அறிவியலுக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் தேவைப்பட்டன. அந்த நூறாண்டுகளின் வரலாறு, சொல்லையும் யாப்பையும் பயில்வோர்க்கு அயலானதன்று என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

குதிரையின் கொடை

1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எமில் பெரிங் என்பவரும் ஜப்பானியராகிய கிட்டசாட்டோ ஷிபாசாபுரோ என்பவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுப் பழகிய விலங்கின் குருதிநீர், அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல் பெறுகிறது. அக்குருதிநீரை வேறோர் உயிருக்குச் செலுத்தினால் அதுவும் காக்கப்படுகிறது. மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901ஆம் ஆண்டில் பெரிங்கிற்கு வழங்கப்பட்டது இதன் பொருட்டே.

அம்முறை இன்றும் தமிழகத்தில் உயிர் காத்து வருகிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்து நஞ்சு முறிவு மருந்து செய்வோர்க்கு வழங்குகின்றனர். அந்நஞ்சு சிறு அளவில் குதிரைக்கு ஏற்றப்படுகிறது. குதிரையின் உடல் எதிர்ப்பொருளை ஆக்குகிறது. வயலில் பாம்பு கடித்து மருத்துவமனைக்கு எடுத்து வரப்படும் ஒருவரின் உயிரைக் காப்பது, அவருடைய மரபணுவன்று; முகமறியாக் குதிரை ஒன்றின் மரபணு ஆக்கிய பொருள்.

எதிர்ப்பொருள் எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு முதல் விளக்கம் தந்தவர் பால் ஏர்லிக். உயிரணுவின் மேற்பரப்பில் பலவகைப் பக்கக் கிளைகள் முன்னரே உள்ளன; நஞ்சு அவற்றுள் தனக்குப் பொருந்தும் ஒன்றைப் பற்றுகிறது; உயிரணு அக்கிளையையே மிகுதியாக ஆக்கிக் குருதியில் விடுகிறது. இதுவே 1897ஆம் ஆண்டில் அவர் கூறிய கருத்து. பிற்கால உண்மைக்கு மிக அருகில் வந்த கருத்து இது. எனினும் அது விரைவிலேயே ஒதுக்கப்பட்டது.

வார்ப்படமா, தேர்வா?

ஏர்லிக்கின் கருத்தை வீழ்த்தியவர் குருதி வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவர் ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கிய வேதிப்பொருள்களைப் புரதத்துடன் பிணைத்து விலங்குகளுக்குச் செலுத்தினார். இயற்கையில் எங்குமே இல்லாத அப்பொருள்களுக்கும் விலங்குகள் எதிர்ப்பொருளை ஆக்கின. ஓர் அணுக்கூட்டம் இடம் மாறியிருந்தால்கூட அவ்வேறுபாட்டை அவை உணர்ந்தன. உலகில் இல்லாத பொருளுக்கு உடல் முன்னரே கிளை ஒன்றை வைத்திருக்கும் என்று நம்ப அக்கால அறிஞர் ஒருப்படவில்லை.

ஆகவே எதிர்க்கருத்து எழுந்தது. 1930ஆம் ஆண்டில் பிரைன்ல், ஹாரோவிட்ஸ் ஆகியோரும், 1940ஆம் ஆண்டில் பெரும்புகழ் பெற்ற வேதியியலார் லைனஸ் பாலிங்கும் அதனை வடித்துரைத்தனர். எதிர்ப்பொருள் என்பது வடிவம் பெறாத மெழுகு போன்றது. வந்த பகைப்பொருளே வார்ப்படமாக நின்று அதற்கு வடிவம் தருகிறது என்பது அக்கருத்து. கேட்போர் உள்ளத்தை எளிதில் கவரும் விளக்கம் இது. ஆசிரியர் கற்பிக்க மாணவர் கற்பது போல, பகைவன் தன் வடிவத்தைத் தானே உடலுக்குக் கற்பிக்கிறான் என்பது இதன் சாரம்.

ஆனால் இவ்விளக்கம் இரண்டு கேள்விகளுக்கு முன் தடுமாறியது. பகைப்பொருள் நீங்கிய பல்லாண்டுகளுக்குப் பின்னும் எதிர்ப்பொருள் தொடர்ந்து உண்டாவது ஏன்? அதே பகைவன் இரண்டாம் முறை வரும்போது உடல் முன்னினும் விரைவாகவும் வலிமையாகவும் எழுவது ஏன்? வார்ப்படம் போன பின் வடிவத்தை நினைவில் வைத்திருப்பது யார்?

1955ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் எர்னே வார்ப்படத்தைக் கைவிட்டார். உடல் பகைவன் வருமுன்பே எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்களைத் தற்போக்காக ஆக்கி வைத்திருக்கிறது, வந்தவன் தனக்குப் பொருந்தியதைத் தேர்ந்து பெருக்குகிறான், அவ்வளவே என்றார். 1957ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட்டும், தனியே அமெரிக்காவின் டேவிட் டால்மேஜும் இக்கருத்தைச் செம்மைப்படுத்தினர். தேர்வுக்குரியது எதிர்ப்பொருள் அன்று. அதனை ஆக்கும் உயிரணுவே. ஒவ்வொரு பி உயிரணுவும் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் தாங்கி நிற்கிறது; பகைப்பொருள் பொருந்திய உயிரணு மட்டும் பிரிந்து பிரிந்து பெருங்குடியாகிறது; அக்குடியின் ஒரு பகுதி பல்லாண்டுகள் வாழ்ந்து நினைவாக நிற்கிறது. 1958ஆம் ஆண்டில் குஸ்தாவ் நாசலும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் தனித்தனி உயிரணுக்களைச் சோதித்து, ஓர் உயிரணு ஒரு வகை எதிர்ப்பொருளையே ஆக்குவதைக் கண்டனர்.

வார்ப்படக் கருத்திற்கு இறுதி விடை 1964ஆம் ஆண்டில் எட்கர் ஹேபர் செய்த சோதனையால் கிடைத்தது. எதிர்ப்பொருளின் துண்டு ஒன்றை அவர் அதன் மடிப்புகள் எல்லாம் குலையுமாறு முற்றும் விரித்தார். பின், பகைப்பொருள் சிறிதும் இல்லாத இடத்தில் அது மீண்டும் மடியவிட்டார். அது தன் பழைய பொருத்தத்தைத் தானே மீட்டுக்கொண்டது. வடிவம் வெளியிலிருந்து வரவில்லை. புரதத்தில் அமினோ அமிலங்கள் நிற்கும் வரிசையிலேயே அது இருந்தது. வரிசையை வகுப்பது மரபணு. ஆகவே வினா மரபணுவின் வாயிலில் வந்து நின்றது.

பாதி நிலையானது, பாதி மாறுவது

எதிர்ப்பொருளின் அமைப்பை ராட்னி போர்ட்டரும் ஜெரால்டு எடெல்மனும் 1959 முதல் பிரித்தறிந்தனர். பெருஞ்சங்கிலி இரண்டும் சிறுசங்கிலி இரண்டும் இணைந்து, கவட்டை போன்ற உருவில் அது நிற்கிறது. கவட்டையின் இரு நுனிகளே பகைப்பொருளைப் பற்றும் இடங்கள். இதற்காக இருவரும் 1972ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1965ஆம் ஆண்டில் ஹில்ஷ்மனும் கிரெய்க்கும் சிறுசங்கிலிகளின் அமினோ அமில வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. சங்கிலியின் பின்பாதி ஒன்றுக்கொன்று மாறாதிருந்தது. முன்பாதியோ ஒவ்வொன்றிலும் வேறுபட்டது.

இங்கே அறிஞர் இரு அணியாயினர். ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் தனி மரபணு முன்னோரிடமிருந்தே வருகிறது என்றனர் ஓர் அணியினர். அவ்வாறாயின் மரபணுத் தொகுதி முழுவதும் எதிர்ப்பொருளுக்கே போதாது. மேலும், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் முன்பாதி மாறிக்கொண்டே செல்ல, பின்பாதி மட்டும் எழுத்துப் பிசகாமல் நிற்பது எவ்வாறு? மரபணு சிலவே, அவை ஒருவரின் வாழ்நாளில் மாறுகின்றன என்றனர் மற்றோர் அணியினர். அவ்வாறாயின் மாற்றுவது எது?

1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வில்லியம் டிரேயரும் கிளாட் பென்னெட்டும் துணிந்து ஒரு கருத்தை முன்வைத்தனர். மாறும் பகுதிக்கு மரபணு பல. மாறாப் பகுதிக்கு ஒன்று. உடலில் இவை வெட்டப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டப்படுகின்றன என்றனர். ஒரு மரபணுவிற்கு ஒரு சங்கிலி என்பதே அக்காலத்தின் அசையாக் கொள்கை. கருவில் பெற்ற டி.என்.ஏ. உடலின் எல்லா உயிரணுக்களிலும் மாறாதிருக்கும் என்பதும் ஐயத்திற்கு இடமில்லாததாகக் கருதப்பட்டது. ஆதலால் இக்கருத்தைப் பலரும் ஏற்கவில்லை; பொய்ப்பிக்கவும் கருவி இல்லை.

கருவி கிடைத்தது 1970களில். ஜப்பானிய இளைஞர் சுசுமு டோனெகாவா அமெரிக்காவில் தங்கும் உரிமைக் காலம் முடிந்தமையால், 1971ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த நோய் எதிர்ப்பு ஆய்வு நிறுவனத்திற்குச் சென்றார். அதன் இயக்குநர், முன்னர்க் குறித்த எர்னே. டோனெகாவா நோய் எதிர்ப்பியலில் பயின்றவர் அல்லர். மரபணு மூலக்கூறுகளைக் கையாளத் தெரிந்தவர். அவரும் நொபுமிச்சி ஹோசுமியும் எலிக் கருவின் டி.என்.ஏ.வையும், எதிர்ப்பொருளை ஆக்கும் எலிக் கட்டியின் டி.என்.ஏ.வையும் ஒரே வகை வெட்டு நொதியால் துண்டாக்கி ஒப்பிட்டனர். கருவில் மாறும் பகுதிக்கான மரபணுவும் மாறாப் பகுதிக்கான மரபணுவும் வெவ்வேறு துண்டுகளில் இருந்தன. கட்டியில் இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. கருவில் பிரிந்திருந்தவை வளர்ந்த உயிரணுவில் நெருங்கிவிட்டன. டி.என்.ஏ. இடம் பெயர்கிறது என்பது 1976ஆம் ஆண்டில் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு டோனெகாவா ஒருவருக்கே வழங்கப்பட்டது.

அசையும் சீரும்

பாசல் நிறுவனத்தை வழிநடத்திய எர்னே 1984ஆம் ஆண்டில் தம் நோபல் பேருரைக்குச் சூட்டிய தலைப்பு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஆக்கமுறை இலக்கணம் என்பது. சில விதிகளைக் கொண்டு அளவிறந்த தொடர்களை ஆக்கும் மொழியின் ஆற்றலை நோம் சாம்ஸ்கி விளக்கியதை அவர் எதிர்ப்பொருளுக்குப் பொருத்திப் பார்த்தார். தமிழர்க்கு இவ்வொப்புமை இன்னும் நெருக்கமானது. உயிர் 12, மெய் 18. இவை கூடிய உயிர்மெய் 216. ஆய்தம் ஒன்றும் சேர எழுத்து 247. நேர், நிரை என்னும் இரண்டே அசைகளிலிருந்து ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 பிறக்கின்றன. சிலவற்றை வரிசைப்படுத்திப் பலவாக்குதல் என்பதே இதன் உட்பொருள்.

எதிர்ப்பொருளின் அசைகளை டோனெகாவாவின் குழுவும், லீராய் ஹூட், பிலிப் லெடர் முதலியோரின் குழுக்களும் அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக் கண்டன. மாறும் பகுதிக்கான மரபணு முழுமையாக ஓரிடத்தில் இல்லை. துண்டு துண்டாகக் கிடக்கிறது. மனிதரின் பெருஞ்சங்கிலிக்கான துண்டுகள் 14ஆம் குரோமோசோமில் உள்ளன. 'வி' எனப்படும் மாறுபடு துண்டு சுமார் 40. 'டி' எனப்படும் பன்மைத் துண்டு 23. 'ஜே' எனப்படும் இணைப்புத் துண்டு 6. ஒவ்வொரு பி உயிரணுவும் எலும்பு மச்சையில் முதிரும்போது, மூவகையிலும் ஒவ்வொன்றை எடுத்து இடையிலுள்ளவற்றை வெட்டியெறிந்து ஒட்டிக்கொள்கிறது. 40, 23, 6 ஆகியவற்றைப் பெருக்கினால் 5,520 வகை. சிறுசங்கிலி இருவகை. காப்பா வகைக்கு 2ஆம் குரோமோசோமில் வி 40, ஜே 5, ஆகவே 200. லாம்டா வகைக்கு 22ஆம் குரோமோசோமில் வி 30, ஜே 4, ஆகவே 120. சிறுசங்கிலி மொத்தம் 320 வகை. எந்தப் பெருஞ்சங்கிலியும் எந்தச் சிறுசங்கிலியோடும் சேரலாம் எனக் கொண்டால், 17,66,400 வகை எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. இவ்வெண்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும். எனினும் 148 துண்டுகளிலிருந்து பதினேழு லட்சம் என்பது எண்ணத்தக்கது.

ஊர்ப்பெயரை வைத்தே இதனை உணரலாம். திரு, முல்லை, வாயில் என மூன்று சொற்கள் கூடி ஒரு பெயராகின்றன. அதே 'திரு' அருகிலேயே வேற்காட்டிற்கும் நின்றவூருக்கும் முன்னே நிற்கிறது. சொல் ஒன்றுதான், சேர்க்கை வேறானால் ஊர் வேறு.

தோன்றல், திரிதல், கெடுதல்

எனினும் பதினேழு லட்சம் எங்கே, பத்தாயிரம் கோடி எங்கே? இடைவெளியை நிரப்புவது சேர்க்கையன்று; சேரும் இடத்தில் நிகழும் மாற்றம். சொற்கள் புணருமிடத்தில் நிகழும் விகாரம் மூன்று என்பது நன்னூல் கொள்கை. பூ என்பதும் கொடி என்பதும் கூடும்போது இடையில் ஓர் எழுத்துத் தோன்றிப் பூங்கொடியாகிறது. மரம், வேர் என்பன கூடும்போது ஓர் எழுத்துக் கெட்டு மரவேராகிறது. பொன், குடம் என்பன கூடும்போது ஓர் எழுத்துத் திரிந்து பொற்குடமாகிறது. மரபணுத் துண்டுகளின் புணர்ச்சியிலும், அதன் பின்னும், இம்மூன்றற்கும் நிகரானவை நிகழ்கின்றன.

துண்டுகளை வெட்டுவது ராக் என்னும் இணை நொதி. இதற்கான இரு மரபணுக்களை டேவிட் ஷாட்ஸ், மார்ஜரி ஓட்டிஞ்சர், டேவிட் பால்டிமோர் ஆகியோர் 1989, 1990ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தனர். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அமைந்த அடையாள எழுத்துகளைக் கண்டு அந்நொதி அங்கே வெட்டுகிறது. வெட்டிய முனைகள் அப்படியே ஒட்டுவதில்லை. வேறு நொதிகள் முனையில் சில எழுத்துகளைக் கடித்து நீக்குகின்றன, இது கெடுதல். மற்றொரு நொதி, எந்த மூலப்படியையும் பாராமல், தன்போக்கில் சில எழுத்துகளைப் புதிதாகச் சேர்க்கிறது, இது தோன்றல். இவ்வாறு சேர்ந்த எழுத்துகள் தாயிடமிருந்தும் வரவில்லை, தந்தையிடமிருந்தும் வரவில்லை. அவ்வுயிரணுவிற்கே உரியவை. பகைப்பொருளைப் பற்றும் இடத்தின் நடுவே வந்தமைவது இப்புணர்ச்சிப் பகுதியே என்பது குறிப்பிடத்தக்கது. வேறுபாடு மிகவும் வேண்டிய இடத்திலேயே அது மிகுதியாக உண்டாகிறது.

திரிதல் பின்னர் நிகழ்கிறது. பகைப்பொருளைச் சந்தித்த பி உயிரணு நிணநீர்க் கணுக்களில் விரைந்து பெருகும்போது, எதிர்ப்பொருளுக்கான மரபணுவில் மட்டும் எழுத்துகள் மாறுகின்றன. உடலின் பிற இடங்களில் நிகழும் மாற்றத்தைக் காட்டிலும் இது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு மிகுதி. மாறியவற்றுள் முன்னிலும் நன்றாகப் பொருந்துவது பெருகுகிறது, பொருந்தாதது மடிகிறது. சிட்னி பிரென்னரும் சீசர் மில்ஸ்டைனும் 1966ஆம் ஆண்டில் இதனை ஊகித்தனர். 1970ஆம் ஆண்டில் வைகெர்ட், கோன் முதலியோர் எலியின் சங்கிலிகளில் அதற்குச் சான்று கண்டனர். இம்மாற்றத்தைத் தூண்டும் நொதியை 1999ஆம் ஆண்டில் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்தது. முன்னர் இரு அணியாய்ப் பிரிந்து வழக்காடியோர் இருவரும் பாதி மெய் கூறியவரே. துண்டுகள் முன்னோர் தந்தவை. புணர்ச்சியும் திரிபும் ஒருவரின் வாழ்நாளில் நிகழ்பவை.

ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. கவிஞர் சொல்லைத் தேர்கிறார். பொருளை நோக்கிப் புணர்க்கிறார். எலும்பு மச்சையில் அவ்வாறு தேர்வோர் எவரும் இலர். புணர்ச்சி முற்றும் தற்போக்கு. டி.என்.ஏ. மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், சேர்ந்தும் நீங்கியும் போன எழுத்துகள் மூன்றின் மடங்காக அமையாவிடில் சங்கிலி பொருளற்றுப் போகிறது. மூன்று புணர்ச்சியில் இரண்டு இவ்வாறு வீணாகின்றன. சரியாக அமைந்தவற்றுள்ளும் தன் உடலையே பற்றுவன பல நீக்கப்படுகின்றன, அல்லது மீண்டும் திருத்தப்படுகின்றன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை தமக்குரிய பகைவனைச் சந்திக்காமலே மடிகின்றன. இத்துணை வீணையும் பொறுத்துக்கொள்வதனாலேயே அறியாத பகைவனுக்கும் ஆயத்தமாக உடல் நிற்க முடிகிறது.

வெட்டுவதன் விலை

தன் மரபணுவைத் தானே வெட்டிக்கொள்ளும் உயிர் ஒரு பேரிடரை மேற்கொள்கிறது. ராக் நொதி இல்லாது பிறக்கும் குழந்தைக்கு எதிர்ப்பொருள் ஆக்கும் உயிரணுக்கள் முதிர்வதில்லை. சிறு தொற்றும் அதன் உயிரைக் குடிக்கும். மாறாக, அந்நொதி தவறான இடத்தில் வெட்டினால் புற்று உண்டாகலாம். நிணநீர்ப் புற்றுகளுள் ஒருவகையில், 14ஆம் குரோமோசோமின் எதிர்ப்பொருள் பகுதியும் 18ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் முறிந்து தம்முள் இடம் மாறி ஒட்டியிருக்கும். 18ஆம் குரோமோசோமில் அவ்விடம் முறிவதேன் என்பது நெடுநாள் புதிர். அங்கே டி.என்.ஏ. வழக்கமான இரட்டைச் சுருளாக இல்லாமல் பிறழ்ந்த வடிவில் இருப்பதையும், அவ்வடிவத்தை ராக் நொதி வெட்டுவதையும் 2004ஆம் ஆண்டில் மைக்கேல் லீபரின் ஆய்வகத்தில் வெளிப்படுத்தியவர் சதீஷ் ராகவன். பின்னர் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

இந்தியர் பங்கு இத்துறையில் முன்னரும் இருந்தது. காப்பாச் சங்கிலியின் மரபணுவைத் தூண்டும் பகுதியில் வந்தமரும் புரதம் ஒன்றை 1986ஆம் ஆண்டில் ரஞ்சன் சென், பால்டிமோருடன் சேர்ந்து கண்டறிந்தார். 'என்.எஃப். கப்பா பி' எனப் பெயர் பெற்ற அப்புரதம், எதிர்ப்பொருளுக்கு அப்பாலும் அழற்சி, புற்று முதலிய பலவற்றை ஆளுவது பின்னர்ப் புலனாயிற்று. எதிர்ப்பொருள் ஆய்வில் இட்ட பெயரையே அது இன்றளவும் சுமந்து நிற்கிறது.

அயப்பாக்கம் எண்ணிய எண்கள்

கொரோனா பெருந்தொற்று, இவ்வரலாற்றின் உண்மையை உலகம் முழுவதும் ஒரே காலத்தில் சோதித்துப் பார்த்தது. 2020ஆம் ஆண்டில் வெவ்வேறு நாடுகளில் நோயிலிருந்து மீண்டவர்களின் எதிர்ப்பொருள்களை ஆய்ந்தோர், ஒருவரை ஒருவர் அறியாத பலரின் உடலும் '3-53' என எண்ணிட்ட வி துண்டைப் பெருஞ்சங்கிலிக்குப் பயன்படுத்தியிருக்கக் கண்டனர். அவ்வெதிர்ப்பொருள்களுள் பலவற்றில் திரிதல் மிகக் குறைவு. முன்னோர் தந்த வடிவமே ஏறக்குறைய அப்படியே கிருமியின் முள்முனையைப் பற்றியது. கிருமி தோன்றுவதற்கு எண்ணிறந்த தலைமுறைகளுக்கு முன்பே அத்துண்டு மனிதரிடம் இருந்தது. எர்னே 1955இல் கூறியது இதைத்தான்.

அயப்பாக்கத்து அறிஞர் தம் கணக்கைத் தொடர்ந்தனர். 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எதிர்ப்பொருள் பெற்றோர் நூற்றுக்கு 6.6 பேர். 2021 ஜூன், ஜூலையில், கொடிய இரண்டாம் அலைக்குப் பின், நூற்றுக்கு 67.6 பேர். இவ்வேறுபாட்டிற்குள் தடுப்பூசியும் அடங்கும். மருத்துவமனை வாயில்களில் காத்திருந்து உயிரிழந்தோரின் துயரும் அடங்கும். பிழைத்தோரை மட்டுமே குருதிச் சோதனை எண்ணுகிறது. ஒவ்வொரு நூற்றுவரிலும் எஞ்சிய முப்பத்திருவர், ஏறத்தாழ 40 கோடிப் பேர், இன்னும் இடரில் உள்ளனர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஓமிக்ரான் திரிபு தோன்றி, முன்னர் உண்டான எதிர்ப்பொருள் பலவற்றிலிருந்து நழுவிச் சென்றது. திரிதல் உடலுக்கு மட்டும் உரியதன்று, கிருமிக்கும் உரியது.

இந்த எண்களுக்குள் அடங்கிய ஒவ்வொருவரும் தமக்கெனத் தனியே புணர்த்துக்கொண்ட எதிர்ப்பொருள்களைத் தாங்கியிருந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கும் இத்தொகுதி ஒன்றாக இருப்பதில்லை. தாயின் எதிர்ப்பொருள் கருவிலிருக்கும் குழந்தைக்குச் சென்று சில மாதங்கள் காக்கிறது. பின் அது கரைந்துவிடும். தாய் வாழ்நாள் முழுவதும் கண்ட நோய்களுக்காகப் புணர்த்த மரபணுக்கள் குழந்தைக்கு வருவதில்லை. அவை அவருடனேயே முடிகின்றன. பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு வருவன வெட்டப்படாத அத்துண்டுகளும், அவற்றைப் புணர்க்கும் நொதிகளுமே. பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அவற்றைக் கொண்டு தன் எதிர்ப்பொருள்களைத் தானே தொடக்கத்திலிருந்து ஆக்கத் தொடங்குகிறது.